சம்பளத்தை இரண்டால் பெருக்கவும்

பரமேஸ்வரன் வீட்டு உறவில் யாரும் யாரிடமும் சம்பளத்தைச் சொன்னதில்லை. கேட்டால் "ஏதோ வருது" என்பார்கள். இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே கிள்ளானில் மூன்று தலைமுறையை ஓட்டிவிட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். கண் படாவிட்டாலும் மறுநாள் காலையில் ஒருவர் கைமாற்றுக் கேட்டு வாசலில் நிற்பார். தெங்கு கிளானா சாலையில் மாலைக்கடை வைத்திருக்கும் சபாபதி, அதாவது பரமேஸ்வரனின் மனைவி தங்கமணிக்கு அண்ணன், முப்பது வருஷமாக "பூ வியாபாரம் படுத்துருச்சு லா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். படுத்துவிட்ட அந்த வியாபாரத்திலிருந்து இதுவரை மூன்று வீடுகள் எழுந்திருக்கின்றன.

ஆகவே உறவுக்குள் ஒரு சூத்திரம் இருந்தது. எவனாவது வாய் தவறித் தன் சம்பளத்தைச் சொல்லிவிட்டால், கேட்டவர் முகத்தை மாற்றாமல் அதை மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வார். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. காது குத்துவதுபோல அந்தந்த வயதில் வந்து சேர்ந்தது. சூத்திரம் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

பரமேஸ்வரனின் மகன் சிவநேசனுக்கு இருபத்தேழு வயது. வரலாறும் தத்துவமும் கலந்த கலைப் பட்டம் வாங்கியவன். போருக்கு முந்தைய தோட்டத் தொழிலாளர்களின் தினக்கூலியைப் பற்றி ஒரு ஆய்வேடு எழுதினான். அதைப் பேராசிரியர் படித்தார். வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. இப்போது தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடையின் மாடியில் உட்கார்ந்து, இணையத்தில் விற்கிற சேலைகளுக்கு இரண்டு வரி வர்ணனை எழுதுகிறான். "மயில்கழுத்து நிறம், மங்காத சரிகை, மனம் கவரும் முந்தானை." ஒரு நாளைக்கு நாற்பது சேலை. பதவியின் பெயர் கன்டென்ட் எக்ஸிகியூட்டிவ். சம்பளம் மாசம் இரண்டாயிரத்து இருநூறு வெள்ளி, அதாவது ரிங்கிட். மற்றவர்களின் கூலி ஏன் குறைவாக இருந்தது என்று அத்தனை காலம் ஆராய்ந்தவனுக்குத் தன் கூலியைப் பற்றி முதலாளியிடம் கேட்க வாய் வரவில்லை.

வீட்டில் கேட்டபோதெல்லாம் அவனும் "ஏதோ வருதும்மா" என்றே சொல்லிவந்தான். மற்றவர்கள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிறையப் பணத்தை ஒளித்தார்கள். அவன் இல்லாததை ஒளித்தான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

இந்த வருஷம் அப்படி ஒளிக்க முடியாமல் போனதற்குக் காரணம் அவன் தங்கை புனிதா. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அரசாங்கம் அவளுக்குத் திரெங்கானுவில் மீன்வளப் படிப்புக் கொடுத்தது. அவள் அதைக் கேட்கவில்லை. மீன் சாப்பிடுகிற பழக்கம்கூட அவளுக்கில்லை. மேல்முறையீடு செய்து பார்த்தார்கள். அதே மீன் திரும்பி வந்தது. பிறகு சுபாங் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி அவளைக் கலைப் படிப்புக்கு வா என்றது. வரலாறு, இலக்கியம், தத்துவம் எல்லாம் சேர்ந்த படிப்பு. கல்லூரி அனுப்பிய வண்ணப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண் மரத்தடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டணத்தை அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லைபோலும். மூன்று வருஷத்துக்கு எழுபத்திரண்டாயிரம்.

பரமேஸ்வரன் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தெட்டு. அவருடைய இ.பி.எஃப். சேமிப்பில் எண்பதாயிரம் சொச்சம் கிடந்தது. அறுபது வயதில் லோரியைவிட்டு இறங்கி, அதற்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிடுவதற்கான பணம். மகன் படிப்புக்காக ஏற்கெனவே ஒருமுறை அதில் கை வைத்தாகிவிட்டது. இப்போது மகளுக்கும் எடுத்தால் சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் மிஞ்சும். இடுப்பு ஒத்துழைத்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அறுபத்தைந்து வரை ஓட்ட வேண்டியிருக்கும்.

கலைப் படிப்புச் சோறு போடுமா என்பதுதான் கேள்வி. அதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே சாட்சி சிவநேசன். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைக் கூப்பிட்டார்கள்.

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறியபோதே அவன் முடிவு செய்துவிட்டான். இன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிடுவது. தன் படிப்பு அப்பாவின் கிழவயதில் ஒரு துண்டை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டது. மீதியாவது அவருக்கு இருக்கட்டும். சம்பளச் சீட்டைக்கூட மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

காப்பார் சாலையோரத்து அந்தச் சின்ன வீட்டில் கோழிக்கறி முடிந்து, தட்டுகள் எடுத்தாகி, மின்விசிறிக்குக் கீழே எல்லாரும் உட்கார்ந்தார்கள். சபாபதி மாமா பல் குத்திக்கொண்டே தொடங்கினார்.

"மாப்ள, நேரா கேக்குறேன். நீயும் நேரா சொல்லு. மாசம் எவ்ளோ வருது?"

"ஏண்ணே, பிள்ளைகிட்ட போயி இதெல்லாம்," என்று தங்கமணி கூச்சப்பட்டாள். கூச்சப்பட்டபடியே நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டாயிரத்து இருநூறு மாமா," என்றான் சிவநேசன்.

மாமா பரமேஸ்வரனைப் பார்த்தார். பரமேஸ்வரன் மாமாவைப் பார்த்தார். இரண்டு பேர் மீசையும் ஒரே நேரத்தில் அசைந்தது.

"நல்லா வளத்துருக்க மச்சான்," என்றார் மாமா. "பெத்த அப்பன் முன்னாலயே வாயத் தொறக்க மாட்டேங்கிறான் பாரு."

"நெசமாதான் மாமா."

"ஆமா ஆமா. என் கடையும் நெசமாதான் படுத்துருச்சு."

சிவநேசன் சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினான். மாமா அதை வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பதுபோல் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"பே ஸ்லிப்பு வரிக்காரனுக்குக் காட்றது லா. அத எதுக்கு வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற? இது பேசிக்கு. அலவன்ஸு, கமிஷன்லாம் தனியா வரும்."

"கமிஷன் கெடையாது மாமா."

"சேல விக்கிற எடத்துல கமிஷன் கெடையாதாம்." மாமா தங்கமணியைப் பார்த்துச் சொன்னார். "ஒன் மவன் எங்கிட்டயே யாவாரம் பேசுறான்."

"அப்படி வந்தா நான் ஏன் மாமா இன்னும் ரயில்ல வரேன்? ஒரு பழைய மைவி வாங்கக்கூட முடியல."

"நானுந்தான் பத்து வருஷம் கதவு மூடாத வேன்ல சுத்துனேன். வாங்க முடியாமயா? காரு வாங்குனா நாலு பேரு கேப்பான். நீ என்னைய மாதிரி. தாய்மாமன் ரத்தம்."

சிவநேசன் அப்பாவைப் பார்த்தான். அவர் கண்ணில் பெருமை தெரிந்தது. அது அவனுக்குப் பயமாக இருந்தது.

"சரி, ஒன்னு கேக்குறேன்," என்றார் மாமா. "அம்மாவுக்கு மாசம் ஐநூறு குடுக்குற. ஒன் கணக்குப்படியே ரெண்டாயிரத்து இருநூறுன்னு வெச்சுக்குவோம். ரூமு வாடகை, சாப்பாடு, படிச்ச கடன், ரயிலு, எல்லாம் போயி ஐநூறு எப்படி மிஞ்சும்? சொல்லு."

அது சிவநேசனுக்கே விளங்காத விஷயம். ஆனால் இன்றைக்கு உண்மை சொல்ல வந்தவன் என்பதால் அதையும் சொன்னான்.

"மாசக் கடைசியில கோயில்ல அன்னதானம் சாப்புட்றேன் மாமா. நாலஞ்சு நாளைக்கு."

தங்கமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களாண்ணே, கேஎல்லுக்குப் போயும் சாமிய விடல."

சிவநேசன் சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தான். உண்மைக்கு இப்படியெல்லாம் நடக்கும் என்று பட்டப்படிப்பில் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

மாமா கைப்பேசியில் கணக்கைத் திறந்தார். கீழே பார்த்தபடி முணுமுணுத்தார். நாலாயிரத்து நானூறு. பன்னிரண்டு மாசம். அதில் பாதியைச் சேர்த்தால். பிறகு தலை நிமிர்ந்தார்.

"போட்ட காசு மூணு வருஷத்துல வந்துரும் மச்சான். என் ஒரு வீடுகூட இவ்ளோ சீக்கிரம் வரல. என் மவன் இஞ்சினியரிங் படிச்சான், இப்ப கிராப் டாக்சி ஓட்றான். இவன் ஆர்ட்ஸு படிச்சிட்டு ஏசியில ஒக்காந்து சேலையப் பத்தி எழுதுறான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"மாமா, கேளுங்க." சிவநேசன் கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தான். "புனிதா இதப் படிச்சா என்னைய மாதிரிதான் ஆவா."

"அதத்தான்டா நாங்களும் சொல்றோம்," என்றார் மாமா.

புனிதா சமையலறைக் கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவள்தான் அப்பாவின் மோட்டாரில் அவனைக் கிள்ளான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டாள். ரயில் வர நேரம் இருந்தது. இரண்டு பேரும் வெளியே, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார்கள்.

"நான் நம்புறேண்ணே," என்றாள் அவள்.

"என்ன?"

"ரெண்டாயிரத்து இருநூற. போன தீபாவளிக்கு ஒன் போன்ல டிக்கெட் வாங்கச் சொன்னியே, அப்ப பேங்க் கணக்கப் பாத்தேன். பதினொரு வெள்ளி இருந்துச்சு. அதுல எப்படி டிக்கெட் வாங்குறதுன்னு தெரியாம என் கார்டுல வாங்குனேன்."

சிவநேசனுக்கு முதலில் வெட்கமும், அடுத்ததாக ஒரு நிம்மதியும் வந்தன. "அப்ப நீ அப்பாகிட்ட சொல்லு. நீ சொன்னா நம்புவாரு."

"எதுக்குச் சொல்லணும்?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் காலடியில் இருந்த ஒரு பாட்டில் மூடியைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு உண்மை சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்ட. யாரும் நம்பல. அதோட விட்டுரு."

"புனிதா, அது அப்பாவோட கடைசிக் காசு."

"தெரியும்."

"அறுபத்தஞ்சு வரைக்கும் லோரி ஓட்டணும். காலையில எந்திரிச்சு அந்த இடுப்ப நிமுத்தவே கால்மணி நேரம் ஆவுது."

"அந்த வீட்டுல நான்தான இருக்கேன். எனக்குத் தெரியாதா? தைலம் தேய்க்கிறது நான்." அவள் குரல் உயரவில்லை. "ஒனக்காக எடுத்தப்ப நீ கேட்டியாண்ணே? இது அப்பா காசாச்சே, அவரு எதுவரைக்கும் ஓட்டுவாருன்னு?"

அவன் கேட்டதில்லை. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, தத்துவத் துறைக்குள் முதன்முறையாக நுழையப்போகிற உற்சாகத்தில், அவருக்கு நன்றி சொன்னோமா என்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை.

"அந்த மீன் படிப்பையாவது எடுத்திருக்கலாம்," என்றான். சொல்லும்போதே தப்பு என்று தெரிந்தது.

"வேணாம்னு சொன்னது யாரு? புடிக்காததப் படிக்காத, நாலு வருஷம் வாழ்க்க அதுன்னு போன்ல ஒரு மணி நேரம் பேசுனது யாரு?" அவள் மூடியை உதைத்தாள். அது சாலையில் ஓடி விழுந்தது. "ஆறு மாசமா ஃபார்மசி கவுன்டர்ல நிக்கிறேன். வரவங்ககிட்ட எல்லாம் ஒரே கேள்வி. 'மெம்பர் கார்டு அடா?' காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கார்டு இருக்கா, கார்டு இருக்கா. ராத்திரி தூக்கத்துல கேட்டேனாம், அம்மா சொன்னாங்க. எனக்கு வேற ஏதாவது கேள்வி கேக்கணும்ணே. அவ்ளோதான்."

"படிச்சு முடிச்சிட்டும் அதே கவுன்டர்லதான் நிப்ப."

"நிக்கிறேன். நடுவுல மூணு வருஷம் இருக்குல்ல."

அதற்குச் சொல்ல அவனிடம் பதில் இருந்தது. அந்த மூன்று வருஷத்துக்கு ஒரு வருஷம் இருபத்து நாலாயிரம், அதற்காக லோரி ஓட்டப்போகிறவர் அப்பா என்று சொல்லியிருக்கலாம். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"ஒன்னே ஒன்னு சொல்லுண்ணே. திரும்ப மொதல்ல இருந்து படின்னு சொன்னா என்ன படிப்ப? அக்கவுண்டிங்கா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை அவனுக்கு. கணக்கியல் என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவளும் ஒருவேளை எழுந்து போய் அப்பாவிடம் பேசியிருப்பாள்.

"அதேதான் படிப்பேன்," என்றான்.

"அப்புறம் என்ன," என்று சொல்லி அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். சந்தோஷப்பட்டவளாகத் தெரியவில்லை. அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அது என்ன விலை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பரமேஸ்வரன் வேலைக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குப் போடுகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, படிச்ச பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும் என்று மகனையும் விடுப்பு எடுக்க வைத்து, இ.பி.எஃப். பணம் எடுக்கிற அலுவலகத்துக்கு வந்தார். அவர் மலாய் சிவநேசனின் மலாயைவிட நன்றாக இருக்கும். விண்ணப்பத்தையும் அவரே நிரப்பிவிட்டார். சிவநேசனுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. உட்கார்ந்திருந்தான். படித்தவனாக உட்கார்ந்திருந்தான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வரிசை எண் சீட்டை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். பரமேஸ்வரன் ஒரு கையால் இடுப்பை அமுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் பலகையில் மாறுகிற எண்களைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமலேயே பேசினார்.

"தம்பி, இப்ப மாமா இல்ல, அம்மா இல்ல. எனக்கு மட்டும் சொல்லு. மாமா பூ மொழம் போட்ற ஆளு, எதையும் நீட்டித்தான் அளப்பாரு. எனக்கு அது வேணாம். அன்னிக்கு நீ சொன்னது நெசமா?"

சிவநேசன் கையிலிருந்த எண் சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினான்.

"நெசம்னா சொல்லிரு. இப்பவே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிரலாம். ஒன்னும் கெட்டுப்போவல. புனிதாகிட்ட நான் பேசிக்கிறேன். ரெண்டு நாளு அழுவா. அப்புறம் சரியாயிரும்."

அவன் கேட்டுக்கொண்டு வந்தது இதைத்தான். ஒரு ஞாயிறு முழுக்க மன்றாடியும் யாரும் கொடுக்காததை அப்பா தானே முன்வந்து, நம்புகிறேன் என்ற முகத்தோடு, கையில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஆமாம் போதும். அறுபதில் அவர் லோரியைவிட்டு இறங்கிவிடுவார். புனிதா கார்டு இருக்கா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஆமாம் சொல்லாவிட்டால் அவள் வேறு கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வாள். இவர் ஓட்டிக்கொண்டிருப்பார். ஒருவருக்குக் கொடுப்பதை இன்னொருவரிடமிருந்துதான் எடுக்க வேண்டும் என்கிற இந்த நிலைமைக்குத் தத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. இரண்டாம் வருஷத்தில் அதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறான். பெயர் ஞாபகம் இருந்தது. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்பா இப்போது அவனைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் ஒரு வேண்டுகோள் இருந்தது. எந்தப் பதிலுக்கான வேண்டுகோள் என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது.

"நாலாயிரத்து நானூறு பா," என்றான்.

பரமேஸ்வரனின் நெஞ்சு இறங்கியது. இத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அதான பாத்தேன். மாமாகிட்ட மறைக்கிறது சரி. அப்பாகிட்டயுமா?" தொடையில் தட்டினார். வலித்தது. "நான் ராத்திரியெல்லாம் தூங்கல தெரியுமா. ஒன்னையப் படிக்க வெச்சு ரெண்டாயிரத்துக்கு விட்டுட்டமோன்னு. எங்க யார்டுல லோரி கழுவுறவனே அவ்ளோ எடுக்குறான்."

"ம்."

"அப்ப புனிதா ஹாஸ்டல் காசு நீ பாத்துக்க. மாசம் அறுநூறாம். ஒனக்கு அது ஒன்னும் பெருசில்ல."

"பாத்துக்குறேன் பா."

எண் வந்தது. கவுன்டரில் இருந்த இளம்பெண் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, சின்னக் கண்ணாடிப் பெட்டியில் கட்டைவிரலை வைக்கச் சொன்னாள். பரமேஸ்வரன் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடி சிவப்பு. முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்ததில் விரலில் ரேகை என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

"தெக்கான் குவாட் சிகிட், அங்கிள்," என்றாள் அவள். கொஞ்சம் அழுத்த வேண்டுமாம்.

பரமேஸ்வரன் மகனைப் பார்த்தார். சிவநேசன் குனிந்து, அப்பாவின் கட்டைவிரல்மேல் தன் விரலை வைத்து, நகம் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்தான். பச்சை எரிந்தது.

"அனாக் சாயா," என்றார் பரமேஸ்வரன், என் மகன் என்று அந்தப் பெண்ணிடம். அவள் எதுவும் கேட்கவில்லை. "பட்டதாரி. கேஎல்லில் வேலை." பிறகு ஒரு பக்கம் திரும்பி யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "காஜி பெசார்," பெரிய சம்பளம், என்றார்.

அந்தப் பெண் சிவநேசனைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். அவனும் தலையசைத்தான்.